விதைப் புத்தகம் புரட்டும் ஏட்டையா வீட்டம்மா

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாக எனக்குள் ஒரே போராட்டம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தென்காசியில் கோயிலுக்குப் போகிற வழியில் சூடம், சாம்பிராணி, விளக்குத்திரி விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். எழுத்து வேலை எனக்குப் பழக்கமில்லை. அதோடு இது இன்னொரு வீட்டுப் பெண்பிள்ளையைப் பற்றிய விஷயம். பேனாவை எடுப்பேன், சுவரில் இருக்கிற முருகன் படத்தைப் பார்ப்பேன், மூடி வைத்துவிடுவேன். இப்படியே காலம் போனது. இந்தத் தைப்பூசம் கழிந்த பிறகு, இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் தப்பு என்று மனசு அரிக்கத் தொடங்கிவிட்டது.

அவர் பேரை எழுத மாட்டேன். எங்கள் தெருவில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் கிடையாது. எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த போலீஸ் ஏட்டையாவின் மனைவி. அதனால் ஏட்டையா வீட்டம்மா. அவ்வளவுதான்.

அவர்கள் குடிவந்த அன்று சாமான் எல்லாம் லாரியில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒரே ஒரு சாக்கை மட்டும் யாரையும் தொட விடாமல் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கேஸ் சம்பந்தமான பேப்பராக இருக்கும், நமக்கெதுக்கு என்று நான் விலகி நின்றேன். சாக்கை மாடிப்படியில் கவிழ்த்தார். பளபளவென்று புத்தகங்களாகச் சரிந்தன. எல்லாம் பூவிதை கம்பெனிகள் போடுகிற கேட்லாக். பெங்களூர், கல்கத்தா, பூனா என்று எங்கெங்கேயிருந்தோ வரவழைத்தவை. பாத்திரம் பண்டம் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை, படியிலேயே உட்கார்ந்து புரட்டத் தொடங்கிவிட்டார்.

என் வீட்டுக்காரி போய்க் கேட்டாள். "ஏட்டையா வீட்டம்மா, அடுப்பு பத்த வைக்கண்டாமா?"

"வைக்கணும் மதினி. இந்த ஆஸ்டர மட்டும் பாத்துட்டு வந்திருதேன்."

ஆஸ்டர் முடிந்து வேறு ஏதோ வந்தது, அதுவும் முடிந்து இன்னொன்று வந்தது. அன்றைக்கு அவர்களுக்கு எங்கள் வீட்டுச் சாப்பாடுதான்.

அவர் அந்தப் புத்தகங்களைப் பார்க்கிற விதமே தனி. உட்கார்ந்து பார்ப்பது அபூர்வம். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் கேட்லாக். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனால் இடுப்பில் ஒன்று செருகியிருக்கும். எங்கள் ஊர்க் காற்று தாள்களைப் பிடுங்கும் என்பதால் துணிக்குப் போடுகிற கிளிப்பைப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பார். பத்தாவது வரை படித்தவர். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார். பூவின் பேரை ஒருமுறை மெதுவாகவும், பிறகு வேகமாகவும், பிறகு நம் ஊர்ப் பேர் மாதிரி உருட்டியும் சொல்லிப் பார்ப்பார். பெட்டூனியா, பெட்டூனியா, பொட்டூனியம்மா. கோயிலில் குருக்கள் அர்ச்சனையில் பேர் பேராகச் சொல்லும்போது, அர்த்தம் தெரியாவிட்டாலும் நமக்கு உள்ளே ஒன்று இளகும் அல்லவா, அந்த அம்மா படியில் நின்று பூப்பேர் சொல்லும்போதும் எனக்கு அப்படித்தான் இருந்தது. சாமிக்குச் சமமாக இதைச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருந்ததைச் சொல்கிறேன்.

படத்தைப் பார்த்து அவர் அடிக்கிற கேலிக்குத் தெருவே சிரிக்கும். பேன்ஸி என்று ஒரு பூ. மஞ்சளும் கறுப்புமாக, பார்த்தால் மனுஷ முகம் மாதிரியே இருக்கும்.

"மதினி, இங்கன வந்து பாருங்களேன். நம்ம இன்ஸ்பெக்டரு ஐயா. அதே மீசை. அதே முழி. பக்கத்துல நிக்கது அவிய சம்சாரம். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது போல, ஆளுக்கொரு பக்கம் பாக்காவ."

இன்னொரு நாள் ஒரே கூப்பாடு. காசித்தும்பையை பால்சம் என்று பேர் போட்டு ஒரு முழுப் பக்கத்துக்கு அச்சடித்திருந்தார்கள். "அடப்பாவிகளா! நம்ம கிணத்தடியில கிடக்க காசித்தும்பைக்குக் கோட்டு சூட்டுப் போட்டு நிக்க வச்சிருக்கான், அண்ணாச்சி. எனக்கே அடையாளம் தெரியல. நீ யாருட்டின்னு கேட்டேன்."

காலையில் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவார். அது கோலம் மட்டுமில்லை. பின்வரிசைப் புள்ளி உயரமான ஹோலிஹாக், நடுவரிசை ஜினியா, ஓரத்தில் குட்டையாக ஒன்று, பேர் எனக்கு மறந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பக்கச் சுவரை ஒட்டி ஒரு வண்டி நிற்கிற அகலத்துக்கு மண்தரை சும்மா கிடந்தது. அதில் நடந்து நடந்து அளப்பார். இன்றைக்கு அங்கே நீலமாக வரும், நாளைக்கு அதே இடம் வெள்ளையாகிவிடும். அந்தத் தரையில் அவர் மனசுக்குள் எத்தனை தோட்டம் போட்டாரோ! ஆனால் ஒரு விதை விழவில்லை. ஒரு பொட்டலம் வாங்கவில்லை.

எனக்குப் புரியவே இல்லை. கடைசியில் கேட்டுவிட்டேன். "ஏம்மா, இடம் கிடக்கு, தண்ணி கிடக்கு. ரெண்டு விதையத்தான் போடேன்."

கையில் இருந்த புத்தகத்தைச் சட்டென்று மூடினார். "வேண்டாம் அண்ணாச்சி. பாத்துக்கிட்டாப் போதும். பாக்குததுக்கு யாரும் ஆர்டர் போட மாட்டாவ."

ஏட்டையா அப்போது பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் விளக்கம் சொன்னார். கல்யாணமான புதிதில் வேலை பார்த்த ஊரில் அந்த அம்மா ஜினியா போட்டாராம். மொட்டு வைத்த வாரம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர். அடுத்த ஊரில் காஸ்மாஸ். மொட்டு வந்தது, ஆர்டரும் வந்தது. மூன்றாவது ஊரில், தரையில் போட்டால்தானே என்று தொட்டியில் வைத்துப் பார்த்தார்கள். ஆர்டர் தொட்டியையும் விடவில்லை. லாரி போய்ச் சேர்ந்தபோது காற்றில் காம்பு காம்பாக முறிந்து, மண் மட்டும்தான் மிச்சம்.

"எங்க டிப்பார்ட்மெண்டுல மினிஸ்டருகிட்ட போனாக் கூட இவ்வளவு வெரசா டிரான்ஸ்ஃபர் கிடைக்காது அண்ணாச்சி. இவ விதை போட்டா மொட்டுக்கு முன்னால ஆர்டர் வந்திரும்" என்று ஏட்டையா சிரித்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை.

இது ஸ்டேஷனுக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் ஒரு இளவட்டப் போலீஸ்காரர் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் வைத்துக்கொண்டு மாடி ஏறினார். நான் நல்ல காரியம் எதற்கோ அழைக்க வருகிறார் என்று நினைத்தேன். மேலே பேச்சு கேட்டது.

"மதினி, எம்பேரச் சொல்லி நாலே நாலு விதை போடுங்க. ஊர்ப்பக்கம் போய்ச் சேந்திருவேன். பொண்டாட்டி அங்கன இருக்கா."

"எல, நான் என்ன கோடாங்கியாலே? எந்திரி மொதல்ல!"

"கோவப்படாதிய மதினி. ரெண்டு போட்டாலும் போதும்."

"தாம்பாளத்த எடுத்துக்கிட்டு இறங்குதியா, தண்ணிய எடுத்து ஊத்தவா?"

அவர் இறங்கி ஓடினார். வாழைப்பழம் மட்டும் மாடியில் தங்கிவிட்டது. அன்று முழுக்க என் வீட்டுக்காரி நினைத்து நினைத்துச் சிரித்தாள். ஆனால் அந்த அம்மா அன்றைக்கு வீட்டுக்கும் மொட்டைமாடிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். எங்கே போன் மணி அடித்தாலும் திரும்பிப் பார்ப்பார். அவர்கள் வந்து ஒரு வருஷம் ஆகியும் பீரோவைச் சுற்றிய கயிற்றை அவிழ்க்கவில்லை. சுவரில் ஒரு காலண்டருக்கு ஆணி அடிக்கவில்லை. அவர் தங்குகிறாரா கிளம்புகிறாரா என்றே தெரியாது. அப்படி ஒரு பரபரப்பு அவர் உடம்பிலேயே இருந்தது.

பரபரப்புக்குக் காரணம் அவர்கள் மகள். அப்போது அந்தப் பாப்பாவுக்கு ஏழு வயது இருக்கலாம். பிறவியிலேயே இரண்டு காலும் வலுவில்லை. பக்கத்து ஊரான ஆய்க்குடியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் இருக்கிறது. போன ஊர்களில் எங்கேயும் கிடைக்காத பயிற்சி இங்கே கிடைத்தது. தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியிருந்தது. இனி ஒரு ஆர்டர் வந்தால் நின்ற பிள்ளை மறுபடியும் உட்கார்ந்துவிடும். விதை என்ற பேச்சுக்கே அந்த அம்மா பயந்தது அதனால்தான்.

ஒருநாள் ஆய்க்குடி முருகன் கோயிலுக்குப் போன நான், அப்படியே அந்த இடத்துக்கும் போய் எட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடக்கக் கம்பி போட்டிருக்கிறார்கள். ஒரு கோடியில் பாப்பா. மறுகோடியில் அந்த அம்மா கேட்லாக்கை நெஞ்சோடு விரித்துப் பிடித்தபடி நிற்கிறார்.

"வா, வா. இது என்ன கலருன்னு சொல்லு."

"சேப்பு."

"அடுத்த பக்கம் பாக்கணும்னா ஒரு எட்டு வையி."

பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு எட்டு வைத்தது. உடனே தாள் புரண்டது. ஊதா. இன்னொரு எட்டு. மஞ்சள். "அம்மா, நீ ரெண்டு பக்கத்தச் சேத்துத் தள்ளிட்ட" என்று பிள்ளை சண்டை போட்டது. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும் என்ற ஆசை இருக்கிறதே, அது அந்த அம்மாவை இத்தனை வருஷம் பிடித்து இழுத்தது. அதையே எடுத்து மகளுக்கும் கொடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முருகா என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றுமில்லை.

அடுத்த ஆடி மாதம் குற்றாலத்தில் நல்ல சீசன். ஏட்டையாவுக்கு அருவியில் பந்தோபஸ்து. மலையில் மழை கூடித் திடீரென்று தண்ணீர் ஏறிவிட்டது. சங்கு ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுகிறார்கள். ஒருவர் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டார். ஏட்டையா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி அவர் கையைப் பிடித்துவிட்டார். நன்றாகவே பிடித்துவிட்டார். ஆனால் அந்த மனுஷர் உடம்பு முழுக்க எண்ணெய். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் யார் வருகிறார்கள்? கை வழுக்கி, ஆள் தண்ணீரோடு போய்விட்டார்.

யாரும் ஏட்டையாவைக் குறை சொல்லவில்லை. மேலதிகாரி தோளில் தட்டிக் கொடுத்தாராம். ஆனால் அதற்குப் பிறகு அவருக்கு எண்ணெய் ஆகவில்லை. தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. வடை சுடுகிற வாசனை வந்தால் தெருவில் இறங்கி நிற்பார். வீட்டிலோ தினமும் காலையில் பாப்பாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவ வேண்டும், ஆய்க்குடியில் சொல்லிக் கொடுத்த முறை அது. எண்ணெய்க் கிண்ணம் வெளியே வந்ததும் ஏட்டையா சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். என் கடையில் வந்து உட்கார்ந்து உள்ளங்கையை வேட்டியில் துடைப்பார். துடைத்ததையே துடைப்பார்.

"அருவிச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குதா அண்ணாச்சி?"

"அங்கிருந்து இங்க எப்பிடி கேக்கும் ஏட்டையா?"

"எனக்குக் கேக்கு."

வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்தார். ஒன்று போய்ப் பதில் வரவில்லை. இன்னொன்று கொடுத்தார். ஆவணி போனது, புரட்டாசி போனது. ஒருநாள் என் கடை வாசலில் வைத்தே மனைவியிடம் கேட்டார். முதலில் வேடிக்கை மாதிரிதான் இருந்தது.

"ஏளா, ஒரு நாலு விதை போடேன்."

அந்த அம்மாவும் வேடிக்கையாகவே பதில் சொன்னார். "ஏன், தாம்பாளம் எங்க? வெத்தல பாக்கு எங்க?"

"வாங்கிட்டு வாரேன். போடுதியா?"

அவர் முகத்தில் வேடிக்கை இல்லை. ஒரு ஏட்டு, இத்தனை வருஷ சர்வீஸ், இத்தனை கேஸ் பார்த்தவர், நாலு விதையை நம்பி நிற்கிறார். படித்தவர்கள் சிரிக்கலாம். போலீஸ்காரர்கள் வீட்டில் ஆர்டர் என்பது மழை மாதிரி. எப்போது வரும், யார் அனுப்புகிறார் என்று தெரியாது. தெரியாத இடத்தில் மனுஷன் எதையாவது பிடித்துக்கொள்கிறான்.

அதற்குப் பிறகு மாடியில் கேட்லாக் புரளும் சத்தம் கேட்கவில்லை. படியில் பூப்பேர் கேட்கவில்லை. அந்த அம்மா வேலை செய்துகொண்டே இருந்தார், துலக்கிய பாத்திரத்தையே துலக்கினார். விதை போட்டால் புருஷனுக்கு விடுதலை, பிள்ளைக்குக் கால் போய்விடும். போடாவிட்டால் பிள்ளை நடக்கும், புருஷன் கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். இதுதான் அவருடைய கணக்கு. தப்போ சரியோ, அவர் அதை முழுசாக நம்பினார்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கார்த்திகை பிறந்ததும் சொன்னேன். "இங்க பாரும்மா, நாம என்ன தீர்மானிக்க? முருகன் சன்னதியில பூக்கட்டிப் பாத்திருவோம்."

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதில் இருந்து கிணறு வெட்டுவது வரை எல்லாவற்றுக்கும் இதுதான். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் விதைக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று பேசிக்கொண்டோம். ஏட்டையா சம்மதித்தார். அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

ஆய்க்குடிக்குப் போனோம். செவ்வரளி ஒன்று, நந்தியாவட்டை ஒன்று, நானே இலையில் சுருட்டி நூல் கட்டினேன். சன்னதியில் வைத்தோம். பாப்பா அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தது. அந்த அம்மா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை.

"பிரிட்டி" என்றார் ஏட்டையா.

"வேண்டாம்."

"பிரிச்சாத்தான தெரியும்?"

"தெரியண்டாம்." என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, கோவப்படாதிய. வெள்ளையா இருந்தா எம்பிள்ளைக்கு முருகன் இல்லன்னு ஆயிரும். சேப்பா இருந்தா இவியளுக்கு இல்லன்னு ஆயிரும். ரெண்டு பேருக்கும் இருக்கட்டும்."

சொல்லிவிட்டுப் பொட்டலத்தை அப்படியே படியில் வைத்துக் கும்பிட்டார். குருக்கள் எங்களைப் பார்த்தார். நான் குருக்களைப் பார்த்தேன். எத்தனையோ பேருக்கு நான் பூக்கட்டிக் கொடுத்திருக்கிறேன், வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பி வைத்த ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாமி சொல்வதைக் கேட்காமல் வருகிறோமே என்று எனக்குக் கால் கூசியது. ஆனால் பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். சாமியை ஒரு பக்கம் நிற்கச் சொல்லி வற்புறுத்த நாம் யார்?

மறுநாள் அந்த அம்மா விதைக்கடைக்குப் போய்விட்டு வந்தார். சுந்தரபாண்டியபுரத்துக்காரர்கள் சூரியகாந்தி விதை வாங்குகிற கடை அது. ஒரே ஒரு பொட்டலம், ஜினியா. இத்தனை வருஷம் ஒவ்வொரு நிறமாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பார்த்தவர், நிறம் கலந்த பொட்டலம் வாங்கியிருந்தார். தரையைக் கொத்தினார். விதைத்தார். ஏட்டையா தண்ணீர் எடுத்து வந்து ஊற்றினார். அப்போது அந்த அம்மா அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, சுவரின் இந்தப் பக்கம் விளக்கு துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. இது ஒங்களுக்காகப் போடுதேன். ஆர்டர் வந்தா நீங்க போங்க. நானும் பிள்ளையும் இங்கனதான் இருப்போம். அவ நடக்குத வரைக்கும்."

"தனியா இருந்திருவியா?"

"இருக்கணும்லா?"

"நான் தனியா இருந்திருவேனா?"

அந்த அம்மா குனிந்து மண்ணை மூடினார்.

தை மாதம் செடி முழங்கால் உயரம் வந்தது. மொட்டும் வந்தது. ஆர்டரும் வந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு ஸ்டேஷன்.

இதில் அற்புதம் ஒன்றும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். ஏட்டையா கொடுத்த மனு ஒரு நல்ல அதிகாரி கண்ணில் பட்டிருக்கிறது, விசாரித்திருக்கிறார், மாற்றியிருக்கிறார். ஏட்டையாவே பிற்பாடு அந்த அதிகாரியைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வந்தார். முருகன் அந்த அதிகாரியின் மனசில் இருந்து செய்தான் என்றால் நான் ஒப்புக்கொள்வேன். விதைக்குள் இருந்து செய்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சாமான் ஏற்றச் சின்ன வண்டிதான் வந்தது. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஏட்டையாவின் பெட்டி. ஏட்டையா கிளம்பும் முன்னால் செடிப்பக்கம் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தார். மொட்டெல்லாம் பச்சையாக, இறுக்கமாக இருந்தது.

"என்ன கலரு வரும்?"

"தெரியாது. எல்லாம் கலந்தது."

"ஒனக்கே தெரியாதா?"

"எனக்கே தெரியாது."

அவர் ஒரு மொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பாப்பாவைத் தூக்கி முத்தம் கொடுத்தார். வண்டியில் ஏறிவிட்டார். அந்த அம்மா மாடிக்குப் போய், மிச்சமிருந்த பீரோவின் கயிற்றை அரிவாளால் வெட்டி எறிந்தார். சத்தம் கீழே வரை கேட்டது.

பூ விரிந்தது. சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ், ஒன்றிரண்டு வெள்ளை. தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். அந்த அம்மா தான் விதைத்த பூவை முதன்முதலாகப் பார்க்கிறார். அவர் என்ன செய்வார் என்று நானும் என் வீட்டுக்காரியும் ஆவலாக நின்றோம். கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கட்டியதை அவிழ்த்தார், ஒரு பக்கம் போனார், மறுபக்கம் வந்தார்.

"எப்பிடி இருக்கு?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"ரொம்ப சத்தமா இருக்கு மதினி. புஸ்தகத்துல இவ்வளவு சத்தம் கிடையாது." ஒரு பூவை நிமிர்த்திப் பிடித்து, "அவிய இருந்து பாக்கணும். ஒரு ஆளு மட்டும் பாக்கதுக்கு இது கூடுதல்" என்றார். போனில் அவருக்குக் காட்டினார். அந்தப் பக்கம் ஏட்டையா என்ன சொன்னாரோ, அந்த அம்மா முந்தானையால் போனைத் துடைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம், ஊர் விடவில்லை. காய்கறி வண்டிக்கு முன்னால் ஒருத்தி ஆரம்பித்தாள். "ஆர்டர் வந்தும் அந்தப் பொம்பள போகலியாம். பூவு விரியுதத பாக்கணும்னு புருசன தனியா அனுப்பிட்டாளாம்." அடுத்த தெருவுக்குப் போனபோது, சண்டை போட்டு அனுப்பியதாக ஆனது. என் கடைக்குச் சாம்பிராணி வாங்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர், என் வீட்டுக் கதையை என்னிடமே சொன்னார். "தென்காசியில ஒரு போலீஸ்காரர் பொண்டாட்டி, பூப்பைத்தியம் வே. புருசனுக்கு சூனியம் வச்சு வேற ஊருக்கு மாத்திட்டாளாம்." கீழப்பாவூரில் இருக்கிற ஏட்டையாவின் சொந்தக்காரர்கள் வரை போய், இரண்டு பேர் கிளம்பி வந்து படியில் நின்று நியாயம் கேட்டார்கள். அந்த அம்மா பாப்பாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அவர்கள் முன்னால் விட்டார். பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து காட்டியது. வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். ஆனாலும் அவர்கள் ஊரில் போய் என்ன சொன்னார்களோ, பேச்சு அடங்கவில்லை.

அடுத்த வருஷம் பாப்பா ஒரு கைத்தடியோடு தானாக நடந்தது. அதற்குப் பிறகுதான் அந்த அம்மா ஏட்டையா இருக்கிற ஊருக்குப் போனார். போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "அண்ணாச்சி, யாராவது கேட்டா உள்ளதச் சொல்லுங்க. நல்லதா ஒண்ணும் சேக்கண்டாம்."

நானும் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். சூடம் வாங்கியதும் கேட்டதில் பாதியோடு கிளம்பிவிடுகிறார்கள், மிச்சப் பாதியை அவர்களே செய்துகொள்கிறார்கள். பூசத்தன்று பாதயாத்திரைக் கூட்டத்தில் நடக்கும்போதும் இதே கதை என் காதில் விழுந்தது. இப்போது அந்தப் பாப்பாவுக்கு விவரம் தெரிகிற வயது. ஊர் சொல்கிற கதை நாளைக்கு அதன் காதிலும் விழும். அதனால்தான் எழுதிவிட்டேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை நீங்கள் யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள், சொல்லவும் வேண்டும். சொல்லும்போது இரண்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அந்த அம்மா விதைத்தது புருஷனுக்காக. ஊரில் தங்கியது பிள்ளைக்காக. பூ அதன் பாட்டுக்கு விரிந்தது. இதற்கு மேல் சூனியமும் வேண்டாம், அற்புதமும் வேண்டாம். எழுதியிருக்கிற இதே வரிசையில் சொல்லுங்கள். கேட்கிறவர்களையும் இப்படியே சொல்லச் சொல்லுங்கள். முருகன் துணை.